முதலில் கிருமியின் ஜீனோமைப் படியுங்கள்

எங்கள் பக்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் நடக்கும் மருத்துவ முகாம்களில் சர்க்கரை, பிரஷர், கண் பரிசோதனை மேசைகளோடு அண்மைக்காலமாக இன்னொரு மேசையும் சேர்ந்திருக்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவிக் கொடுத்து, சில ஆயிரம் ரூபாய் கட்டினால் போதும். உங்களுக்கு எந்தெந்த நோய் வர வாய்ப்பு என்று வண்ண வண்ணமாக ஓர் அறிக்கை வீட்டுக்கு வரும். நான் மைக்ரோபயாலஜி லேபில் வேலை பார்ப்பவள் என்பதால் தெருவில் பார்க்கிறவர்கள் நிறுத்திக் கேட்கிறார்கள்: "அக்கா, இந்த ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?" காய்கறிப் பையோடு தெருவில் நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயமில்லை இது. அதனால்தான் இந்தப் பதிவு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓமிக்ஸ் என்று பொதுவாக அழைக்கப்படும் இந்தத் தொழில்நுட்பங்கள் வடசென்னைக்கு வர வேண்டும், சீக்கிரமாக வர வேண்டும். அவை முதலில் வந்து சேர வேண்டிய இடம் அரசு மருத்துவமனையின் சளிப் பரிசோதனை அறை. முதலில் படிக்க வேண்டியது காசநோய்க் கிருமியின் ஜீனோம், அதாவது அதன் முழு மரபணுத் தொகுப்பு. நம் ஜீனோமை அப்புறம் படித்துக்கொள்ளலாம்.

ஓமிக்ஸ் என்றால் என்ன? நம் வீட்டு ரேஷன் கார்டை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை பேர், எவ்வளவு அரிசி, எவ்வளவு சர்க்கரை என்று அதில் பதிவாகியிருப்பது ஜீனோம். அது சுலபத்தில் மாறாது. இந்த மாதம் கடையில் உண்மையில் எதை வாங்கினோம் என்பது ஆர்என்ஏ, ஜீனிலிருந்து எடுக்கும் நகல். வாங்கியதில் அடுப்பில் ஏறியது புரதம். தட்டில் பரிமாறியதும் தின்றது போக மிஞ்சியதும் மெட்டபாலைட்டுகள் என்ற சிறு வேதிப்பொருள்கள். இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பார்க்காமல் மொத்தமாக, ஒரே வீச்சில் படிப்பதுதான் ஜீனோமிக்ஸ், டிரான்ஸ்கிரிப்டோமிக்ஸ், புரோட்டியோமிக்ஸ், மெட்டபாலோமிக்ஸ். கார்டை மட்டும் பார்த்து அந்த வீட்டில் இன்று என்ன சமையல் என்று சொல்ல முடியாது. ஜீன் டெஸ்ட் மேசையில் உட்கார்ந்திருப்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

மனித ஜீனோமைப் படிக்கும் திட்டம் 1990இல் தொடங்கி 2003இல் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. டிஎன்ஏ என்ற வேதிப்பொருளில் எழுதப்பட்ட சுமார் 300 கோடி எழுத்துகள். செலவும் ஏறத்தாழ 300 கோடி டாலர், அதாவது எழுத்துக்கு ஒரு டாலர் கணக்கு. அப்போதும் படிக்க முடியாமல் விட்டுப்போயிருந்த சுமார் 8 சதவீதத்தை 2022இல்தான் நிரப்பினார்கள். இன்று ஒருவரின் முழு ஜீனோமை ஆயிரம் டாலருக்கும் குறைவாகப் படித்துவிடலாம். புரதங்களை உண்டாக்கும் ஜீன்கள் நம்மிடம் சுமார் 20,000 இருக்கின்றன. அவற்றில் 17,294 ஜீன்களின் புரதங்களை உடலின் பல திசுக்களில் நேரடியாகக் கண்டு ஒரு வரைபடமாக 2014இல் வெளியிட்ட குழுவில் பெங்களூரு விஞ்ஞானிகளும் இருந்தார்கள். ஆக, இது எங்கோ வெளிநாட்டில் மட்டும் நடக்கிற காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

காசநோய்க் கிருமியின் ஜீனோம் 1998இலேயே படிக்கப்பட்டுவிட்டது. 44 லட்சம் எழுத்துகள், சுமார் 4,000 ஜீன்கள். மனிதனுடையதோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது, படிக்க எளியது, படித்ததை உடனே பயன்படுத்தக்கூடியது. எந்த மருந்துக்கு இந்தக் கிருமி சாகும், எதற்குச் சாகாது என்பது அதன் எழுத்துகளிலேயே இருக்கிறது. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி மாதிரி ஒரே அறையில் ஆறு பேர் படுத்துறங்கும் வீடுகள் நிறைந்த பகுதிகளில் இந்தக் கிருமியைப் பற்றி எண்ணிக்கை சொல்லி விளக்க வேண்டியதில்லை. எந்தத் தெருவில் கேட்டாலும் யாராவது ஒருவர் "எங்க வூட்லயும் டிபி வந்து போச்சு" என்பார்.

லேபில் அன்றாடம் நடப்பதைச் சொல்கிறேன். காலையில் சளிக் கப்புகள் வரிசையாக வரும். மூடியைத் திறக்காமல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். நுரையோடு தண்ணீராக இருந்தால் அது எச்சில். மஞ்சளாக, கட்டியாக, கப்பைச் சாய்த்தால் மெதுவாக நகர்ந்தால் அது நெஞ்சிலிருந்து வந்த சளி. பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துத் திறந்து, சளியைப் போல இரண்டு மடங்கு ரீஏஜென்ட் ஊற்றி, மூடிக் குலுக்கி, கால் மணி நேரம் வைப்போம். நடுவில் இன்னொரு தரம் குலுக்குவோம். ஸ்பிரிட் வாசனை லேசாக அடிக்கும். கட்டியெல்லாம் கரைந்து தண்ணீரான பிறகு பிப்பெட்டால் 2 மில்லி எடுத்து, நுரை வராமல் கார்ட்ரிட்ஜில் விட்டு, மெஷினில் பச்சை விளக்கு மினுக்கும் கதவைத் திறந்து வைத்து மூடுவோம். இரண்டு மணி நேரத்துக்குள் திரையில் வந்துவிடும்: கிருமி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது, ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான டிபி மருந்து வேலை செய்யுமா.

இதுதான் சிபிநாட். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் இதற்குப் பச்சைக்கொடி காட்டியது. அதற்கு முன்பு மருந்து எதிர்ப்பைக் கண்டுபிடிக்கப் பெரும்பாலும் கிருமியை வளர்த்துத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு வாரக்கணக்கில், சில சமயம் இரண்டு மாதம்கூட ஆகும். அதனால் சிபிநாட் வந்தபோது எங்களுக்கெல்லாம் அவ்வளவு மகிழ்ச்சி. கோவாவில் உருவான ட்ரூநாட் அப்புறம் வந்தது. பேட்டரியில் ஓடும், ஏசி அறை தேவையில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வைக்கலாம். நம் நாட்டில் செய்த கருவி, நம் ஊர் வெயிலையும் மின்வெட்டையும் கணக்கில் வைத்துச் செய்தது.

ஆனால் சிபிநாட் முழுப் புத்தகத்தையும் படிப்பதில்லை. 44 லட்சம் எழுத்துகளில் ஆர்பிஓபி என்ற ஜீனில் உள்ள 81 எழுத்துகளை மட்டும்தான் ரிஃபாம்பிசினுக்காகப் பார்க்கிறது. அந்த 81 எழுத்துகளுக்கு வெளியே மாற்றம் நடந்திருந்தால்? ஆப்பிரிக்காவின் எஸ்வாட்டினி நாட்டில் அப்படியே நடந்தது. அங்கே பல மருந்துகளை எதிர்க்கும் கிருமிகளில் சுமார் 30 சதவீதம், அந்த எல்லைக்கு வெளியே இருந்த ஒரே ஒரு மாற்றத்தைச் சுமந்திருந்தன. மெஷின் அவற்றையெல்லாம் "எதிர்ப்பு இல்லை" என்றது. 2015இல் அது வெளியானபோது எங்கள் லேபில் அதை அச்செடுத்து ஒட்டி வைத்திருந்தோம்.

இன்னொரு விஷயம், எங்கள் வீட்டிலேயே நடந்தது. என் சித்தப்பா துறைமுகத்துக்கு கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் நின்று நின்று, கேபினிலேயே தின்று, கேபினிலேயே தூங்கும் வேலை. இருமல் வந்து, எடை குறைந்து, சிபிநாட்டில் டிபி என்று தெரிந்தது. ரிஃபாம்பிசின் எதிர்ப்பு இல்லை. வழக்கமான மாத்திரை தொடங்கினார்கள். அவர் ஒரு நாளும் தவறவிட்டதில்லை என்று சித்தி சத்தியம் செய்கிறார். அந்த மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போவதைப் பார்த்து எனக்கும் தெரியும். இருந்தும் இருமல் நிற்கவில்லை. "மாத்திரைய ஒழுங்கா துன்னுட்டுதானே கீறேன்மா, இன்னா இது நிக்கவே மாட்டேங்குது" என்பார். இரண்டு மாதம் கழித்து எடுத்த சளியிலும் கிருமி இருந்தது.

சிபிநாட் ரிஃபாம்பிசினைப் பார்க்கிறது, ஐசோநியாசிட் என்ற இன்னொரு முக்கியமான டிபி மருந்தைப் பார்ப்பதில்லை. அதற்கு எல்பிஏ என்று தனியாக ஒரு பரிசோதனை உண்டு, சளியை வேறு லேபுக்கு அனுப்ப வேண்டும். சித்தப்பாவின் சளியும் தொடக்கத்திலேயே போயிருந்தது. ரிசல்ட்டும் வந்திருந்தது. கேட்-ஜி ஜீனில் மாற்றம், ஐசோநியாசிட் வேலை செய்யாது. நடுவில் அவர் கொருக்குப்பேட்டையிலிருந்து திருவொற்றியூருக்கு வீடு மாறியிருந்தார். மருந்து கொடுக்கும் மையமும் மாறியது. அந்த ரிசல்ட் பழைய மையத்தின் கணக்கிலேயே கிடந்தது. யாரும் அதைத் திறந்து பார்க்கவில்லை. நான் ஒவ்வொரு இடமாகப் போய் விசாரித்த பிறகுதான் அது கிடைத்தது. லீவோஃப்ளாக்ஸாசின் சேர்த்த சிகிச்சைக்கு மாற்றினார்கள், குணமானார், இப்போது மறுபடி வண்டி ஓட்டுகிறார். அந்த இடைப்பட்ட மாதங்களில் அவர் பக்கத்தில் படுத்திருந்த பேரப்பிள்ளைக்குத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. கிருமியின் எழுத்தைப் படித்தாயிற்று. படித்தது நோயாளியின் கைக்கு வரவில்லை.

முழு ஜீனோமையும் ஒரே தடவையில் படித்தால் ரிஃபாம்பிசின், ஐசோநியாசிட், லீவோஃப்ளாக்ஸாசின், பெடாகுலின் எல்லாவற்றுக்கும் ஒரே ரிசல்ட்டில் பதில் கிடைக்கும். சளி லேப் லேபாக அலைய வேண்டியதில்லை, ரிசல்ட்டும் நாலு இடத்தில் சிதறாது. இங்கிலாந்தில் 2017 முதல் காசநோய்க்கு இதுவே வழக்கமான பரிசோதனை. எந்த எழுத்து மாறினால் எந்த மருந்து பலிக்காது என்ற அட்டவணையை உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்டது. 38,000க்கும் மேற்பட்ட கிருமிகளின் ஜீனோமை வைத்துத் தயாரித்தது. 2023இல் வந்த அடுத்த பதிப்பில் அது 52,000ஐத் தாண்டியது. கிருமியை வளர்க்காமல் சளியிலிருந்தே தேவையான ஜீன்களை மட்டும் எடுத்துப் படிக்கும் முறைக்கும் 2024இல் பரிந்துரை வந்துவிட்டது. படிக்கும் கருவிகளில் ஒன்று செல்போன் அளவுதான்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதும் இல்லை. கொரோனா காலத்தில் வைரஸின் ஜீனோமைப் படிக்க மாதிரிகளை வெளிமாநிலத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். 2021இல் சென்னை டிஎம்எஸ் வளாகத்திலேயே மாநில அரசு சொந்தமாக ஒரு ஜீனோம் லேப் அமைத்தது. பெருந்தொற்றுக்குச் செய்ய முடிந்ததை, அதற்கு முன்பும் பின்பும் நாள்தோறும் ஆட்களைக் கொன்றுகொண்டிருக்கும் காசநோய்க்கு ஏன் எல்லா நோயாளிகளுக்கும் செய்யக்கூடாது? இதைத்தான் நான் பார்க்கிற டாக்டர்களிடமெல்லாம் கேட்கிறேன்.

கிருமியின் ஜீனோம் இன்னொன்றையும் சொல்லும்: யாரிடமிருந்து யாருக்கு வந்தது. காசநோய்க் கிருமியின் எழுத்து மெதுவாகத்தான் மாறும், சராசரியாக இரண்டு வருடத்துக்கு ஒரு எழுத்து. இரண்டு நோயாளிகளின் கிருமிகளுக்கு இடையே ஐந்து எழுத்துக்குள் வித்தியாசம் இருந்தால் அண்மையில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவியிருக்கலாம். பன்னிரண்டைத் தாண்டினால் பெரும்பாலும் தொடர்பில்லை. ஒரு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் நாலு பேருக்கு வந்தால், நாலும் ஒரே சங்கிலியா, தனித்தனியா என்று இதை வைத்துச் சொல்லலாம். சங்கிலி என்றால் அது எங்கே ஓடுகிறது என்று தேடலாம்: டீக்கடையா, டியூஷன் சென்டரா, ஒரே ஷேர் ஆட்டோவா. ஆனால் இந்தத் தகவல் தெருவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "அவனாலதான் வந்துச்சு" என்ற ஒரு வார்த்தையில் ஒரு குடும்பம் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகும். ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுபோகும். மருத்துவமனைக் கதவுக்கு வெளியே போகாது என்ற உறுதி இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

நம் ஊர்க் கிருமிகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தென்னிந்தியாவில் அதிகம் காணப்படும் காசநோய்க் கிருமி, லினியேஜ் 1 என்ற பழைய வம்சம். உலகம் முழுவதும் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மாதிரிக் கிருமி, 1998இல் படித்தது, வேறு வம்சம்: லினியேஜ் 4. தென்னிந்திய நோயாளிகளின் கிருமிகள் கினிப் பன்றிகளிடம் பிரிட்டிஷ் கிருமிகளைவிடக் குறைந்த வீரியத்தோடு நடந்துகொண்டதை மிட்ச்சிசன் என்ற விஞ்ஞானி 1960 வாக்கிலேயே கவனித்திருந்தார். காரணத்தை ஜீனோம்தான் சொல்ல வேண்டும். நம் கிருமிகளை நாம் படிக்காமல் யார் படிப்பார்கள்?

சென்னைக்கு இதில் பெரிய பாரம்பரியம் இருக்கிறது, வடசென்னைக்காரர்கள் பெருமைப்பட்டுக்கொள்ளலாம். 1956இல் இங்கே தொடங்கிய காசநோய் மருந்து ஆராய்ச்சி மையம்தான் இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அந்த மையம் 1959இல் வெளியிட்ட ஆய்வு உலகத்தின் காசநோய் சிகிச்சையையே மாற்றியது. நெரிசலான, வறுமையான வீடுகளில் இருந்துகொண்டே மருந்து சாப்பிட்ட சென்னை நோயாளிகளும், சானடோரியத்தில் நல்ல சாப்பாட்டோடும் ஓய்வோடும் படுத்திருந்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களால் குடும்பத்தாருக்குக் கூடுதலாகப் பரவவும் இல்லை. சானடோரியங்களை உலகம் மூட ஆரம்பித்தது இதற்கப்புறம்தான். இந்த நகரத்து ஏழைகள் தங்கள் உடம்பைக் கொடுத்து உலகத்துக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

அதே மையத்தில் இன்னொரு வேலையும் நடந்தது, இன்றைய பெயரில் சொன்னால் ஃபார்மகோஜீனோமிக்ஸ், அவரவர் ஜீனுக்கேற்ற மருந்து. ஐசோநியாசிட் மாத்திரையைச் சிலர் உடம்பு வேகமாகச் செயலிழக்க வைக்கும், சிலர் உடம்பு மெதுவாக. என்ஏடி-2 என்ற ஜீன்தான் காரணம். மெதுவாகச் செயலிழக்க வைப்பவர்களுக்கு மருந்து உடம்பில் அதிக நேரம் தங்கும். கால் மரத்துப்போகும், கல்லீரல் கெடவும் வாய்ப்பு அதிகம். சென்னையில் சல்ஃபாடிமிடின் என்ற மருந்தை ஒரு தடவை கொடுத்து, யார் வேகம் யார் மெதுவு என்று பிரிக்கும் எளிய பரிசோதனையை 1970இல் வெளியிட்டார்கள். ஜீனைப் படிக்க வழியே இல்லாத காலம். ஜீன் செய்கிற வேலையைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். இன்று அந்த ஜீனை நேரடியாகப் படிக்கலாம். 2013இல் வெளியான ஜப்பானியச் சோதனையில் மெதுவான ரகத்தினருக்கு ஜீனைப் பார்த்து அளவைக் குறைத்துக் கொடுத்தபோது யாருக்கும் கல்லீரல் பாதிப்பு வரவில்லை. டிபி மாத்திரையால் மஞ்சள் காமாலை வந்து, பயந்துபோய் மருந்தையே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மனித ஜீனோமை இங்கே படிக்கத் தொடங்குவதென்றால் இந்த ஒரு ஜீனிலிருந்து தொடங்கலாம் என்பேன்.

ஆர்என்ஏ பக்கம் வருவோம். சளியே வராதவர்கள், குழந்தைகள், நுரையீரலுக்கு வெளியே டிபி உள்ளவர்கள், இவர்களுக்கெல்லாம் ரத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! 2010இல் 393 ஆர்என்ஏக்களின் ஏற்ற இறக்கத்தை வைத்து டிபியை அடையாளம் காணலாம் என்று ஓர் ஆய்வு வந்தது. 2016இல் வெறும் 16 ஜீன்களை வைத்து, நோய் வெளிப்படுவதற்கு ஒரு வருடம் வரை முன்கூட்டியே சொல்லலாம் என்று இன்னொன்று. மூன்று ஜீன்களில் வேலையை முடிக்கும் கார்ட்ரிட்ஜும் சோதனையில் இருக்கிறது. ஆனால் முன்கூட்டித் தெரிந்தவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுத்துப் பார்த்த தென்னாப்பிரிக்க ஆய்வு 2021இல் வந்தபோது, அப்படிக் கொடுத்ததால் நோய் குறையவில்லை என்று தெரிந்தது. யாருக்கு வரும் என்று சொல்ல முடிவதும், வராமல் தடுக்க முடிவதும் ஒன்றல்ல. ஜீன் டெஸ்ட் அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர்கள் இந்த ஆய்வை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பரிசோதனைகள் நோயாளியை மட்டுமில்லாமல் சாம்பிள் எப்படி வந்தது என்பதையும் சேர்த்தே படிக்கும். ரத்தத்தை எடுத்துப் பிரிக்காமல் அப்படியே வைத்தால் அதிலுள்ள செல்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். ஆர்என்ஏ அதைவிட மென்மையானது. எடுத்த உடனே தனி டியூபில், தனி ரசாயனத்தில் போடாவிட்டால் உருக்குலைந்துவிடும். மே மாதத்தில் பைக் பின்னால் பெட்டியில் கட்டி, மீஞ்சூரிலிருந்து பாரிமுனை வரை வரும் டியூபில் எது நோயாளியின் உடம்பு, எது வெயில் என்று எந்தக் கம்ப்யூட்டரும் பிரித்துச் சொல்ல முடியாது. சினைப்பை புற்றுநோயை ரத்தப் புரதங்களின் வடிவத்தை வைத்துக் கிட்டத்தட்ட தப்பில்லாமல் கண்டுபிடிக்கலாம் என்று 2002இல் பரபரப்பாக ஓர் ஆய்வு வந்தது. பிறகு மற்றவர்கள் அந்தத் தரவை ஆராய்ந்தபோது, நோயாளிகளின் சாம்பிள்களும் ஆரோக்கியமானவர்களின் சாம்பிள்களும் மெஷினில் ஓடிய விதத்தில் இருந்த வித்தியாசமே பெரும்பாலும் அதில் பதிவாகியிருந்தது தெரிந்தது. ஆயிரக்கணக்கான அளவுகளை ஒரே நேரத்தில் பார்த்தால் ஏதாவது ஒன்று எப்போதும் ஒத்துப்போவது மாதிரித் தோன்றும். அதனால்தான் பெட்டியில் ஐஸ் இருந்ததா, எத்தனை மணிக்கு எடுத்தது என்றெல்லாம் டெக்னீஷியன் தொணதொணவென்று கேட்கிறார். தயவுசெய்து கோபித்துக்கொள்ளாமல் பதில் சொல்லுங்கள்.

ஓமிக்ஸ் என்ற பெயரில்லாமலேயே சில விஷயங்கள் பெரிய லேப்களுக்குள் வந்துவிட்டன. பிளேட்டில் வளர்ந்த பாக்டீரியாவை ஒரு குச்சி நுனியால் தொட்டு இரும்புத் தகட்டில் தடவி, ஒரு சொட்டு திரவம் விட்டு, லேசர் அடித்தால், அதன் புரதங்களின் எடையை வைத்து இன்ன பாக்டீரியா என்று சில நிமிடங்களில் மெஷின் சொல்லிவிடும். முன்பு ஒரு நாள் முழுக்க ரசாயனப் பரிசோதனைகள் செய்து கண்டுபிடித்தது அது. பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் டஜன் கணக்கான பிறவிக் குறைபாடுகளைப் பார்க்கும் பரிசோதனையும் மெட்டபாலோமிக்ஸ்தான். அத்தை பிள்ளை, மாமன் பெண் என்று கட்டிக்கொள்ளும் வழக்கம் இன்னும் விடாத நம் மாநிலத்தில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் அது கிடைக்க வேண்டும். இதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

சரி, மனித ஜீனோமுக்கு வருவோம். முகாம் மேசையில் கொடுக்கும் அறிக்கை எப்படித் தயாராகிறது? லட்சக்கணக்கானவர்களின் ஜீனோமில் எந்த எழுத்து மாற்றம் எந்த நோயோடு சேர்ந்து வருகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் சிறிய சிறிய மதிப்பெண் போட்டுக் கூட்டுகிறார்கள். ஆனால் அந்த லட்சக்கணக்கானவர்கள் யார்? 2019இல் வெளியான ஒரு கணக்குப்படி இத்தகைய ஆய்வுகளில் பங்கேற்றவர்களில் 79 சதவீதம் ஐரோப்பிய வம்சாவளியினர். அவர்களை வைத்துப் போட்ட மதிப்பெண் மற்றவர்களுக்கு அந்த அளவு பொருந்துவதில்லை. இப்போதைக்கு ராயபுரத்தில் ஒருவருக்கு மாரடைப்பு வருமா என்று அறிய பிரஷர், சர்க்கரை, கொழுப்பு, பீடி, அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது, இவை போதும்.

இதை மாற்றும் வேலை நாட்டில் நடக்கிறது. ஜீனோம் இந்தியா திட்டத்தில் 83 சமூகங்களைச் சேர்ந்த 9,772 பேரின் முழு ஜீனோம் விவரம் 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. மார்பகப் புற்றுநோயாளிகள் 480 பேரின் ஜீன் தகவல்களைச் சென்னை ஐஐடி அதே ஆண்டில் வெளியிட்டது. நம் ஆட்களைப் படித்தால்தான் கிடைக்கும் செய்திகள் உண்டு. எம்ஒய்பிபிசி-3 என்ற இதயத் தசை ஜீனில் 25 எழுத்துகள் விட்டுப்போன ஒரு மாற்றம் தெற்காசியர்களில் சுமார் 4 சதவீதம் பேரிடம் இருக்கிறது. இதயம் பலவீனமாகும் ஆபத்தை அது கூட்டுகிறது. 2009இல் அதை வெளியிட்ட குழுவின் வேர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இருந்தது. ஐரோப்பியர்களை மட்டும் படித்துக்கொண்டிருந்தால் இது கண்ணில் பட்டிருக்கவே செய்யாது.

அப்புறம், ஜீனோம் தவிர மற்றதையும் படிக்க வேண்டும். 2005இல் கிறிஸ்டோபர் வைல்ட் என்ற விஞ்ஞானி எக்ஸ்போசோம் என்றொரு கருத்தை முன்வைத்தார்: கருவிலிருந்து கடைசி வரை ஒரு மனிதன் சுவாசித்தது, குடித்தது, தின்றது, தொட்டது எல்லாவற்றின் தொகுப்பு. மணலியின் சுத்திகரிப்பு ஆலைகள், எண்ணூரின் அனல்மின் நிலையச் சாம்பல், 300 ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் கொடுங்கையூர்க் குப்பைமேடு, கன்டெய்னர் லாரிகளின் டீசல் புகை. இவ்வளவையும் ஒரே பக்கமாகத் தள்ளிவைத்திருக்கும் நகரத்தில், அந்தப் பக்கத்து மனிதர்களின் ஜீனோமை மட்டும் படித்து, "உங்கள் ஜீன் இப்படி" என்று சொன்னால் அது அநியாயம். எங்கள் ரத்தத்தைப் படிக்கிறவர்கள் எங்கள் காற்றையும் சேர்த்துப் படிக்கட்டும்.

சாப்பாட்டையும்தான். ஜார்க்கண்டில் நடந்த ரேஷன்ஸ் ஆய்வு 2023இல் வெளியானது. காசநோயாளி வீட்டாருக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, சத்து மாத்திரைகள் கொடுத்ததில் அந்த வீடுகளில் புதிதாக டிபி வருவது 39 சதவீதம் குறைந்தது. ஜீனும் கிடையாது, மெஷினும் கிடையாது. தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டமும் அப்படித்தான்: எடை-உயர விகிதம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்ஸிஜன் அளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா, இந்த ஐந்தை வைத்து ஆபத்தில் இருப்பவரைப் பிரித்து உடனே வார்டில் சேர்க்கிறார்கள். ஓமிக்ஸை இவ்வளவு விரும்புகிற நான் இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரு மாத அரிசிக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்து மெஷின் வாங்குவதாக இருந்தால் மெஷின் வேண்டாம். இரண்டும் வேண்டும் என்று கேட்பதே நியாயம்.

கடைசியாக, உங்கள் வீட்டில் யாருக்காவது டிபி என்று சொன்னால் செய்ய வேண்டியது. காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளித்து, நன்றாக மூச்சிழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமி, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று கப்பில் துப்பச் சொல்லுங்கள், எச்சில் வேண்டாம். ரிசல்ட் வாங்கும்போது ஒன்றோடு நிறுத்தாதீர்கள். "ரிஃபாம்பிசினுக்குப் பார்த்தாச்சு சரி, ஐசோநியாசிடுக்கு அனுப்பினீங்களா, எந்த லேபுக்கு, எப்ப வரும்?" என்று கேளுங்கள். நிக்‌ஷய் நம்பரை, அதாவது அரசின் காசநோய்ப் பதிவில் நோயாளிக்குக் கொடுத்திருக்கும் எண்ணை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறினால் பழைய மையத்திலும் புதிய மையத்திலும் அந்த நம்பரைச் சொல்லி, நிலுவையில் இருக்கும் ரிசல்ட் எல்லாம் வந்துவிட்டதா என்று திரையில் பார்க்கச் சொல்லுங்கள். இந்தப் பரிசோதனைகள் எல்லாம் அரசு மருத்துவமனையில் இலவசம். கேட்பது உங்கள் உரிமை. யாராவது முகம் சுளித்தால் மறுநாளும் போய்க் கேளுங்கள்.